பால் கொடுத்தால் தங்காதா?

குரோம்பேட்டையில் எங்கள் காம்பவுண்டில் நாலு குடித்தனம். மாடிப் போர்ஷன் பெண்ணின் கைக்குழந்தைக்கு எட்டு மாதம். போன மாதம் துணி உலர்த்த வந்தவள், "ஒரு வாரமா குமட்டுது அக்கா. ஆனா எனக்குத்தான் இன்னும் பீரியட்ஸே வரலையே!" என்றாள். பால் கொடுக்கிறவரை தங்காது என்று மாமியார் அடித்துச் சொல்லியிருந்தாராம். பரிசோதித்ததில் இரண்டு மாதம். முதல் பிரசவம் சிசேரியன்; உடம்பில் ரத்தமும் குறைவு. புருஷனும் மனைவியும் இரண்டு நாள் பேசி, பெற்றுக்கொள்வதென்று தீர்மானித்தார்கள்.

மாமியார் சொன்னதில் பாதி நிஜம். குழந்தை சப்பிக் குடிக்கக் குடிக்க, கருமுட்டை வெளிவருவது தள்ளிப்போகும். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தரவேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால்தான் 100-க்கு 98 பேருக்குப் பாதுகாப்பு. கேழ்வரகுக் கூழ், புட்டிப்பால் என்று ஆரம்பித்துவிட்டால் அந்தக் காவல் போச்சு! இன்னொன்று, முட்டை முதலில். விலக்கு வருவது சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான். விலக்கு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தால் அதற்குள் தங்கிவிடும்.

இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்றால் மூத்தது சவலையாகிவிடும் என்று பாட்டிமார் பயந்தது சும்மாவா? பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருஷமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பால் கொடுக்கும் தாய்க்கு வழி இல்லாமலில்லை. காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, ஆறு வாரம் கழித்தோ வைத்துக்கொள்ளலாம். ஆறு வாரத்துக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'அந்தரா' ஊசி. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த ஹார்மோன் இல்லாத மருந்துதான் 'சாயா' மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. இவையெல்லாம் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். தினம் விழுங்கும் சாதாரண மாத்திரை மட்டும் முதல் ஆறு மாதம் வேண்டாம், பால் குறையலாம். எது யாருக்குச் சரி என்று லேடி டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

"போதும்" என்று முடிவான வீட்டில் மட்டும் ஏன் எப்போதும் பெண்ணே ஆபரேஷன் மேஜையில் படுக்கிறாள்? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களோ 100-க்கு ஒருவர்கூட இல்லை. 1975-77 நெருக்கடி நிலையில் வடக்கே நடந்த பலவந்தம் ஆண்களை மிரட்டிவிட்டது என்பார்கள். இன்றைக்கு ஆணுக்குக் கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். அன்றைக்கே வீடு திரும்பலாம். ஆண்மைக்கும் ஒரு குறைவும் வராது. மூன்று மாதம் மட்டும் நிரோத் தேவை. பிறகு விந்தைப் பரிசோதித்து, 'அணு இல்லை' என்று எழுதி வாங்கிய பின்தான் அதை நிறுத்தலாம்.