எடுத்துக்கலாங்க

ஒரு காப்புரிமை இரண்டு விதமாகச் சாகும். ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அந்தத் தேதியோடு காலாவதியாகும்; அதுவரை உயிரோடு இருந்தது இருந்ததுதான். நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தால், பிறக்கவே இல்லை என்றாகிவிடும். பிரெஞ்சில் முதலாவது தெஷேயான்ஸ். இரண்டாவது நுல்லித்தே. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் இவை தனித்தனிதான்: கட்டணம் தவறுவது 53ஆம் பிரிவு, ரத்து செய்வது 64ஆம் பிரிவு. காப்புரிமை மொழிபெயர்ப்புக்கு இது அரிச்சுவடி. அதில்தான் நான் தவறினேன். சந்தேகம் வந்த பிறகும் தவறினேன்.

கொல்லிமலையில், செம்மேட்டில் உட்கார்ந்து பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறேன். தொழில் பழகியது புதுச்சேரியில். 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும், பழைய நொத்தேர் (நோட்டரி) பத்திரங்கள் அங்கே பிரெஞ்சில்தான் இருக்கின்றன. சொத்துத் தகராறு வந்தால் யாராவது ஆங்கிலமாக்கித் தர வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயர் தலைக்கு ஏறிவிட்டது. வாரிசுப் பத்திரம் பார்த்தவனுக்குக் காப்புரிமை எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

கோவைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. பட்டறைக்காரர் சாமை, தினை உமி நீக்கும் இயந்திரம் செய்கிறவர். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபோனியோ என்று ஒரு தானியம் உண்டு, சாமையைவிடப் பொடி. அதற்கேற்ப இயந்திரத்தை மாற்றி மாலிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். உள்ளே இருக்கும் உருளை தன் காப்புரிமையில் அடங்கும் என்று அங்கிருந்து ஒருவர் நோட்டீஸ் விட்டார். மாலி, செனகல், கினி உட்பட 17 நாடுகளுக்குக் காப்புரிமை தருவது கேமரூனில் யாவுண்டேயில் இருக்கும் ஒரே அலுவலகம். 1977ஆம் ஆண்டு பாங்கி உடன்படிக்கைதான் அதற்குச் சட்டம். கோப்பு பிரெஞ்சில் இருந்தது. என்னிடம் வந்தது.

கட்டணம் கட்டாததால் உரிமையாளர் ‘தெஷ்யு த தூ சே த்ருவா’ என்று அதில் ஒரு வரி. எல்லா உரிமைகளையும் இழந்தவர் என்று அர்த்தம். 1844ஆம் ஆண்டு பிரெஞ்சுச் சட்டத்திலேயே இந்தத் தொடர் இருக்கிறது. கேட்கப் பயங்கரமாக இருக்கும்; விஷயம் வெறும் காலாவதிதான். நான் அதைப் பத்திரக் கண்ணால் படித்தேன், வாரிசுரிமை பறிபோன பிள்ளையைப் பற்றிப் படிப்பதுபோல. ‘ரிவோக்டு’, அதாவது ரத்தானது, என்று அடித்தேன்.

அடித்ததும் உறுத்தியது. அழித்தேன். மறுபடி அதையே அடித்தேன். அடிக்குறிப்பு ஒன்று போட்டிருக்கலாம்: மூலச் சொல் இது, கட்டணம் தவறியதால் வந்த காலாவதியாக இருக்கலாம், வக்கீல் பார்க்கவும். ஒரே வரி. போடவில்லை. போட்டால் எனக்குத் தெரியாது என்று நினைப்பார்களே என்ற பயம். புதுச்சேரியில் கேட்க ஆள் இருந்தார், என்னிடமே தொழில் பழகியவர். அவரிடம் போய் நான் கேட்பதா என்ற வீம்பு. பின்னால் வீட்டில் கேட்டபோது, அன்றைக்கு மலையில் நெட் இல்லை என்றேன். இருந்தது.

மறுநாள் பட்டறைக்காரர் போன் செய்தார். “ஏனுங்க சார், அப்ப அந்தப் பேட்டன்ட்டே மொதல்ல இருந்து இல்லைன்னு எடுத்துக்கலாங்களா?”

வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்வி. அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். கட்டணம் கட்டவில்லை என்ற வரி அப்போது என் எதிரே திரையில் இருந்தது. “எடுத்துக்கலாங்க” என்றேன். சட்டம் தெரிந்தவனாக ஒருவர் என்னை மதித்துக் கேட்டது பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

காலாவதிக்கு முன்னால் விற்ற இயந்திரங்களுக்கு மட்டும் ஒரு தொகை கேட்டு, பேசி முடிக்கலாம் என்று எதிராளி எழுதியிருந்தார். சின்னத் தொகை. இல்லாத காப்புரிமைக்கு எதற்குப் பணம் என்று இவர் பதிலே போடவில்லை. வழக்கானது. மாலியில், பமாகோவில் இவரிடம் வாங்கி விற்றவர் தோற்றார். இழப்பீட்டையும் வக்கீல் செலவையும் இவருக்குத் தர வேண்டிய பாக்கியில் கழித்துக்கொண்டார். பட்டறையில் ஒரு லேத்தை விற்றார்கள். அதில் வேலை பார்த்த இரண்டு பையன்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

மலைக்கும் நஷ்டம். இங்கே வளப்பூர் நாட்டில் ஒரு மகளிர் குழுவுக்கு இயந்திரம் ஒன்று தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். சாமை உமி லேசில் விடாது. உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி உரலில் போட வேண்டும். இங்கே பலர் சாமையை விட்டு மரவள்ளிக்குப் போனதற்கு இந்தப் பாடும் ஒரு காரணம். “அண்ணா, கோயமுத்தூர்க்காரர் மெஷின் என்னாச்சு?” என்று குழுத்தலைவி கேட்டார். ஏதோ வெளிநாட்டுக் கேஸாம் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்து வேறு வேலைக்காகப் பாங்கி உடன்படிக்கையைப் பிரித்தேன். நுல்லித்தேயும் தெஷேயான்ஸும் தனித்தனியாக எழுதியிருந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நோட்டீசுக்குப் பதில் போட அப்போதும் கெடு மிச்சம் இருந்தது. ஒரு போன் போதும். செய்யவில்லை. வழக்கு தோற்று, அவருடைய புது வக்கீல் மூலத்தை வேறொருவரிடம் காட்டிப் பிழையைப் பிடித்த பிறகே ஒப்புக்கொண்டேன்.

வாங்கிய கூலியைத் திருப்பி அனுப்பினேன். வாங்கிக்கொண்டார். நஷ்டத்தில் பங்கு தருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.