சாமிக்கு வச்ச கவர்

தங்கச்சி கல்யாணத்துக்குக் கோயில்ல மூணாவது ஓலையும் வாசிச்சாச்சு. நேத்து ராத்திரி அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கின நூறு ரூபாத் தாள்களை ஒவ்வொண்ணா தொடையில வச்சு நீவி, கவருக்குள்ள போட்டாங்க. பங்குச் சாமிக்குக் குடுக்கணுமாம். கல்யாண ஆயத்த வகுப்பு எடுத்தாரு, பூனாகலை மலையேறி எங்க தேயிலைத் தோட்ட லயத்துக்கே வந்து பேசினாரு.

குடுக்கலாமா? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 848ஆவது பிரிவு தெளிவாச் சொல்லுது: நிர்ணயிச்ச காணிக்கைக்கு மேல கேட்கக் கூடாது, வறுமையால யாருக்கும் அருட்சாதனம் கிடைக்காமப் போகக் கூடாது. 2014 நவம்பர்ல பாப்பரசர் பிரான்சிஸ், ஆலயத்துல விலைப்பட்டியல் வைக்கிறதைக் கண்டிச்சாரு.

காணிக்கை நல்லது. ஆனா அது கட்டணமா மாறினா, கொழுந்து பறிக்கிறவங்க எங்க போவாங்க? 2024ல உயர்த்தினப்பவே அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாதான் ஆச்சு. சாமி வந்து போற ஓட்டோக் காசை நாம குடுக்கணும், அது கடமை. சொல்லிக்குடுத்த நேரத்துக்கு விலை போடக் கூடாது. (ஞானஸ்நானப் பத்திரத்துக்கு அலைஞ்ச உபதேசியாரை யாருமே நினைக்கிறதில்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.)

இன்னைக்கு சாமி கவரைப் பிரிச்சு, ஓட்டோக் காசை மட்டும் எடுத்துட்டு, மிச்சத்தை அம்மா கையிலயே வச்சாரு. அம்மா மறுபடியும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. உபதேசியாருக்கு வேட்டி எடுக்கணுமாம்.