எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு

பழைய அம்பாசடரை வாங்கிவந்து வீட்டிலேயே சரிசெய்ய நினைக்கும் தம்பிகள் முதலில் பானட்டைத்தான் திறக்கிறார்கள். நான் அடியில் குனிந்து பார்க்கச் சொல்வேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழியில் வந்த வண்டி இது. முன்னால் டார்ஷன் பார், பின்னால் கமான் பட்டை. கடலோர ஊரில் ஓடிய வண்டி என்றால் துரு இரண்டையும் விட்டுவைத்திருக்காது.

இந்த வேலையில் எந்த நேரமும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வண்டியின் எடை இப்போது எதன் மேல் நிற்கிறது? ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக்கை முட்டுக்கொடுத்து அடியில் படுக்காதீர்கள். அது சொல்லாமல் நொறுங்கும்.

துருப்பிடித்த நட்டை முதல் நாளே வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். மறுநாள் ஸ்பேனரைப் போட்டு, கழற்றும் பக்கம் திருப்புமுன் இறுக்கும் பக்கம் ஒரு நூல் கொடுத்துப் பாருங்கள். பிடி விட்டுவிடும். கமானை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட் அசையாவிட்டால் அறுத்து எறியலாம். எப்படியும் புதிதுதான் போடவேண்டும்.

டார்ஷன் பாரில் முறுக்கு நிற்கிறது. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இணைப்பைப் பிரித்தபின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஆர்ம் தளர்ந்து தொங்கினால்தான் முறுக்கு விட்டதாக அர்த்தம். பாரை உருவுவதற்கு முன்பே அதன் முனைப் பல்லுக்கு நேராகப் பெயின்ட்டில் கோடு போட்டு, இடது வலது எழுதிவையுங்கள். ஓடிய பாரைப் பக்கம் மாற்றிப் போடக்கூடாது. ஒரு பல் தள்ளி ஏறினாலும் வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

எங்கள் மேஸ்திரி பாரைத் துடைத்ததும் கட்டைவிரல் நகத்தை முனையிலிருந்து முனைவரை ஓட்டுவார். நகம் எங்காவது மாட்டினால் அந்தப் பார் ஓரமாகப் போய்விடும். கீறல் விழுந்த இடத்தில்தான் விரிசல் பிறக்கும் என்பார். நல்ல பாரைக் கைக்குழந்தை மாதிரி துணி சுற்றித்தான் வைப்பார்.

கமானைப் பிரிக்கும்போது சென்டர் போல்ட்டின் இருபுறமும் கிளாம்ப் போடுங்கள். இல்லாவிட்டால் பட்டைகள் தெறிக்கும். ஒவ்வொன்றாகத் தேய்த்து, சென்டர் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் கூடாது. தொய்ந்த பட்டையை வீட்டில் கேஸ் வைத்து வளைத்தால் பதம் போய்விடும். கமான் பட்டறைக்காரர் சூடேற்றிப் பதம் கொடுக்கட்டும். கோக்கும்போது பட்டைகளுக்கு நடுவே கிராஃபைட் கிரீஸ் தடவுங்கள்.

ஒரு பையன் எல்லாம் புதிதாகப் போட்டும் சில வாரத்தில் ரப்பர் புஷ் கிழிந்துவிட்டது என்று வந்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை முழுக்க இறுக்கியிருந்தான். அப்படி இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். முதலில் போல்ட்டைப் பிடிப்பாக மட்டும் ஏற்றி, சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டியை நாலு முறை அமுக்கிவிட்டு, அதன்பிறகு கடைசி முறுக்குக் கொடுங்கள்.

சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். அதைச் செய்யும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.