நீர் வாட்டம்

1997-இல் மைசூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய சாமராஜநகர், கடல் கடந்து விலைபோகும் கருங்கல்லுக்குப் பேர்பெற்றது. அக்கல்லை முகம் தெரியுமளவு மெருகேற்றி எங்கள் குளியலறைத் தரையில் பதிக்க விரும்பினோம். பழைய தரையில் அன்னையார் வழுக்கி விழுந்ததனால் தொடங்கிய வேலை அது. அழகின் ஆசையில் அதனை மறந்தே போனோம்.

தாளவாடியிலிருந்து வந்த முதிய கொத்தனார் இசையவில்லை. "மெருகு போட்ட கல்லுல ஈரம் பட்டாக் கால் நிக்காதுங்க. அது சுவருக்கு ஆகும். தரைக்குச் சொரசொரப்பான கல்லுத்தான் வேணும்" என்றார்.

நீர் வடியும் வழி நோக்கி அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்தார். கல் பதிக்குமுன் நீர்க்காப்புப் பூச்சிட்டு, வடிகுழாயை அடைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் நீரைத் தேக்கிக் கசிவு உண்டா என்று பார்த்தார். மூலையொன்றில் சுவர் ஈரம் காட்டவே, பூச்சை உரித்து மீண்டும் தொடங்கினார். மூன்று வாரம் அண்டை வீட்டில் குளித்துவந்த எரிச்சலில் அவரைக் கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறவில்லை.

வேலை முடிந்த நாளில் அன்னையார் சுவரைப் பற்றியபடி உள்ளே சென்றார். நான்கு அடி நடந்ததும் கையை எடுத்துவிட்டார். கூலி கொடுக்கையில், கடிந்து பேசியதற்கு வருந்துகிறோம் என்றோம்.

"தண்ணி நிக்காமப் போனாப் போதுங்க" என்றார் கொத்தனார்.