நழுவிய நோட்டு

மலைக்கோட்டை அருகே எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவனுக்கு இடக்கை இயங்காது. “வீடியோ கேமில் ஓடிக்கொண்டே குதிக்க இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, ஹஜ்ரத்” என்றான். விளையாட்டு வீண் என்று கண்டிக்கவே வாயெடுத்தேன். அவன் முகம் தடுத்தது.

தேடிப் படித்தேன். 2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் அகன்ற பெரிய பொத்தான்கள் இரண்டு. பின்புறத் துளைகளில் வேறு விசைகளை இணைத்துக் காலாலும் அழுத்தலாம். சில விளையாட்டுகளில், அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக ஒருமுறை தட்டினாலே போதும் என்று மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பொருட்டு இறங்கிய ‘அபஸ’ அத்தியாயத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதே நாவால், இவன் எழுத்து கோணுகிறதென்று கடிந்துமிருக்கிறேன். பிடித்துக்கொள்ள மறுகை இல்லாததால் நோட்டு நழுவுவதை அதன்பின்தான் கவனித்தேன். எழுதும் பலகையில் ஒரு கிளிப் பொருத்தினேன். அலிஃப் இப்போது நேராக நிற்கிறது. ஐன் இன்னும் கோணல்தான்.