இரண்டாம் படி

புயலுக்குப் பெயர் வைத்த பிறகு பயப்பட்டால் போதும் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். காற்று மணிக்கு 62 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டால்தான் டெல்லியில் உள்ள வானிலை நிலையம் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கும். மழைக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 2024 நவம்பர் 26, 27ஆம் திகதிகளில் யாழ்ப்பாணத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறி, சனம் பள்ளிக்கூடங்களில் போய்ப் படுத்தபோது அது வெறும் தாழமுக்கம்தான். 'ஃபெங்கல்' என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 29ஆம் திகதி, எங்களைக் கடந்து போன பிறகு. மறுநாள் புதுச்சேரிப் பக்கம் கரையேறிற்று. 1964 மார்கழியில் வவுனியாப் பக்கத்தால் தீவைக் குறுக்கறுத்துப் போய்த் தனுஷ்கோடியை அழித்த புயலுக்கும் பெயர் இல்லை. ஆண்டைச் சொல்லித்தான் அதை இன்றைக்கும் கூப்பிடுகிறோம்.

கலியாணம் முடித்து ஒரு வருசம் ஆகாத என் பெறாமகள் அண்மையில் கேட்டாள்: "பெரியப்பா, டித்வா புயல் வந்த நேரம் நீங்களும் பெரியம்மாவும் தனிய எப்பிடிப் பயப்பிடாமல் இருந்தனீங்கள்?"

பயந்துதான் இருந்தோம். அதை ஒளிப்பதில் ஒன்றும் இல்லை. ஆனால் சண்டை பிடிக்கவில்லை. புதுசாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்தப் பகுதியைத்தான்.

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. டித்வா அன்றைக்கே கிழக்குக் கரையால் தீவுக்குள் புகுந்துவிட்டது. வழக்கமாக எங்களுக்குப் புயல் கடலில் இருந்து வரும். இது தெற்கில் இருந்து, நிலத்துக்கு மேலால் வடக்கு நோக்கி ஊர்ந்தது. எங்கள் பக்கத்தால்தான் திரும்பக் கடலில் இறங்கும் என்றார்கள். எங்கள் வீடு சண்டிலிப்பாயில், வழுக்கையாற்று வெளிக்குக் கிட்ட. குடாநாட்டுக்கு ஆறு என்று சொல்ல இருப்பது அது ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலியில் போய்க் கடலில் விழும். கோடையில் அதற்குள் மாடு மேயும். மாரியில் அதை நம்ப முடியாது.

வியாழக்கிழமையே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒழுங்கைப் பக்கத்து வெள்ளவாய்க்காலில் கிடந்த சருகையும் பொலித்தீன் பையையும் வழித்தெடுத்தது நான். முருங்கை முதல் காற்றுக்கே முறியும், அதனால் அதன் கொப்புகளைத் தறித்தேன். ஆள் பிடித்துத் தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய தேங்காயையும் இறக்கினோம். வேலியோரத்துப் பனைகளைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவை தங்களைப் பார்த்துக்கொள்ளும். மனுசி குடிதண்ணீரை நிறைத்து மூடி வைத்தாள். என் பிரசர் குளிசை, தன் சீனி வருத்தத்துக்கான மருந்து, அடையாள அட்டைகள், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினாள். உண்மையில் அந்தப் பை 95இல் இருந்தே கட்டித்தான் இருக்கிறது. ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமமே மழையில் எழும்பி நடந்ததே, அப்போது தொடங்கிய பழக்கம். போவதா இருப்பதா என்று அன்றைக்கு எங்களை யாரும் கேட்கவில்லை.

கேட்கிற காலத்தில் நாங்களே தீர்மானிக்க வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில். எங்கள் வாசலுக்கு மூன்று படி. தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவது, தொடாவிட்டால் வீட்டில் இருப்பது என்று வியாழக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போதே பேசி முடித்தோம். இரவில் அந்தப் பேச்சைத் திரும்ப எடுப்பதில்லை என்றும் முடித்தோம். இந்த இரண்டாவது உடன்பாடுதான் முதலாவதை விடப் பெரிது. நடுச்சாமத்தில் காற்று ஊளையிடும்போது ஒருவருக்குப் போகவேண்டும் போல் இருக்கும், மற்றவருக்கு இருக்கவேண்டும் போல் இருக்கும். அந்த நேரத்தில் தொடங்குகிற வாக்குவாதம் புயலில் நிற்காது. அவரவர் தாய் தகப்பன் வரைக்கும் போகும்.

சனி விடியப்புறம் எனக்கு நித்திரை முறிந்துவிட்டது. ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம். "என்னப்பா, வெளிக்கிடுவமோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ரோச்சை எடுத்துப் போய் வாசலைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னும் முதலாம் படிதான். படுங்கோ."

படுத்தேன்.

காலையில் கரண்ட் இல்லை. கரண்ட் போக முதல் ரொறன்ரோவில் இருந்து மகன் எடுத்து, "அப்பா, பேசாமல் கொழும்புக்குப் போய் இருங்கோ" என்று நின்றவன். வடபகுதி ரயிலும் ஓடவில்லை என்பது ஒரு பக்கம். அதே சனி ஞாயிறில்தான் களனி கங்கை பெருகிக் கொழும்பின் ஓரங்கள் தண்ணீரில் கிடந்தன. தூரத்தில் இருந்து அன்பாகச் சொல்லும் யோசனையைக் கோபிக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன்படி நடக்கவேண்டும் என்று இல்லை. போனைக் காலையில் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா மட்டும் திறந்து, வானிலை அறிவித்தலைப் பார்த்துவிட்டு மூடினோம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் பாதி எந்த நாட்டு வெள்ளமோ!

கடலுக்கு ஒருவரும் போகாததால் மீன் இல்லை. ஒடியல் கூழ் வைப்போம் என்றாள். ஒடியல் மாவை ஊறவிட்டுக் கசப்புத் தண்ணீரை இறுத்தெடுக்கப் பொறுமை வேண்டும். அதை அவள் எனக்கு விடமாட்டாள். எனக்குக் கிடைத்தது பயித்தங்காய் முறிப்பதும் கருவாடு கழுவுவதும். மத்தியானம் வரைக்கும் குசினியில் இருந்தோம். பேசியது கொஞ்சம், அதுவும் உப்பு, புளி, செத்தல் மிளகாய் பற்றி. பயப்படுகிற ஆளைத் தேற்றுகிறேன் என்று ஓயாமல் பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது பெரும்பாலும் தங்கள் பயத்தைப் பேசுவது. அதைவிட மற்றவரின் கையில் ஒரு வேலையைக் கொடுக்கலாம்.

எங்கள் படி தப்பியது. ஆனால் கரண்ட் வந்து ரிவியைப் போட்டபோது வாய்க்கு வார்த்தை வரவில்லை. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பெரும்பாலும் பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளைப் பக்கம், மண்சரிவில். எங்களுக்குத் தண்ணீர் மெல்ல ஏறும், படியை எண்ணிக்கொண்டு இருக்கலாம். மலை சரிந்தால் எண்ண நேரம் தராது. அதனால் என் படிக் கணக்கை எல்லா ஊருக்கும் பொருத்த வேண்டாம். மலையகத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எழும்பிப் போவது ஒன்றுதான் வழி.

வெள்ளம் வடிந்த பிறகும் வேலை இருக்கிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல், மலக்குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் அதற்குள் கலக்க அதிக நேரம் பிடிக்காது. கிணற்றுக்குக் குளோரின் போடுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள். 2024இல் வெள்ளம் போன கையோடு, மார்கழியில் எலிக்காய்ச்சல் வந்து குடாநாட்டில் சிலர் இறந்துபோனார்கள். காலில் புண்ணோடு சேற்றுக்குள் இறங்க வேண்டாம்.

பெறாமகளின் வீட்டுக்காரருக்கு என்ன நடந்தாலும் வீட்டில் இருக்கவேண்டும், அவளுக்கு முதல் தூறலுக்கே போகவேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன்னம் இரண்டுபேரும் சேர்ந்து சுவரில் ஓர் அளவு கீறி வையுங்கள் என்றேன். அவர்கள் இருப்பது வாடகை வீடு, சுவரில் கீறினால் சொந்தக்காரர் ஏசுவாராம்.

பெரியம்மா உள்ளே இருந்து சொன்னாள்: "சோக்கால கீறு பிள்ளை. அது அழிஞ்சுதெண்டால் வெளிக்கிடு."