புரிந்ததா என்று கேட்டால் போதுமா?



நீண்ட நாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. புத்தாக்கப் போட்டி, அதற்கான பயிற்சி, பின்னர் அறிக்கை என்று நாள்கள் ஓடிவிட்டன. போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பங்கேற்புச் சான்றிதழுடன் திரும்பினோம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. இன்று நான் எழுத விரும்புவது, போட்டிக்குச் செல்லும் வழியில் விமானத்திற்குள் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைப் பற்றி. அதில் தவறு செய்தவள் நான் என்பதால், எழுதலாமா வேண்டாமா என்று சில வாரங்கள் தயங்கினேன். எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது.

ஆறு மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தந்தை, நான் என எட்டுப் பேர் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஜொகூர் பாருவுக்குப் புறப்பட்டோம். ஆறு பேரில் நால்வருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் படகில் போனதே பெரிய பயணம் என்று எண்ணியிருந்த பிள்ளைகள். அன்று அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து, வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக வந்து நின்றார்கள்.

எனக்குக் கிடைத்த இருக்கை இறக்கைக்கு மேலே, அவசரகால வழி வரிசையில் இருந்தது. கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று மகிழ்ந்தேன். சாளர இருக்கையும் நடு இருக்கையும் காலியாக இருந்தன. பணிப்பெண் ஒருவர் வந்து, அவசர நேரத்தில் அக்கதவைத் திறக்க வேண்டிய பொறுப்பு என்னுடையது என்று மலாய்மொழியில் விளக்கத் தொடங்கினார். நான் கைப்பேசியில் மாணவர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டே தலையசைத்தேன். அவர் விடவில்லை. "வாயால் சொல்லுங்கள், புவான். புரிந்ததா? உதவச் சம்மதமா?" என்றார். "புரிந்தது, சம்மதம்" என்றேன். உண்மையில் அவர் கூறியவற்றில் ஒரு வாக்கியம்கூட என் மனத்தில் பதியவில்லை.

அவர் நகர்ந்த பிறகு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து என்னிடம் வந்தான். அவனைக் குமரன் என்று குறிப்பிடுகிறேன். உண்மைப் பெயர் அன்று. முகம் வெளிறியிருந்தது. "டீச்சர், நான் உங்க பக்கத்துல உட்காரட்டுமா?" என்றான். பயந்த பிள்ளையை எப்படித் திருப்பி அனுப்புவது? சாளர இருக்கையில் அமர வைத்தேன். அவ்வரிசையில் சிறுவர்களை அமர்த்தக் கூடாது என்பதைப் பணிப்பெண் சற்றுமுன் சொல்லியிருந்திருக்கிறார். நான் கேட்டிருந்தால்தானே?

குமரன் கதவையும் அதன் மேலிருந்த சிவப்பு எழுத்துகளையும் சற்று நேரம் பார்த்தான். பிறகு கேட்டான்: "டீச்சர், இந்தக் கதவ உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

"பேசாம உட்காரு குமரன்" என்றேன். விடை எனக்குத் தெரியாது.

அடுத்த நிமிடம் 'டக்' என்று ஓர் ஒலி. கைப்பிடியை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி அவன் கையோடு வந்திருந்தது. நல்ல வேளையாகக் கைப்பிடியை அவன் இழுக்கவில்லை. பணிப்பெண் விரைந்து வந்தார். மூத்த பணியாளரும் வந்தார். விமானிக்குத் தகவல் போயிற்று. தரையிலிருந்து தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் ஏறி வந்து கதவைச் சோதித்து, மூடியைப் பொருத்தி, கையெழுத்திட்டுச் சென்றார். இருபது நிமிடத் தாமதம். விமானம் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. குமரன் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவனை வேறு இருக்கைக்கு மாற்றியபோது, அப்பணிப்பெண் அவன் உயரத்திற்குக் குனிந்து, "தவறு உன்னுடையதன்று, தம்பி. இங்கே அமர்ந்திருப்பவர்தான் இதை அறிந்திருக்க வேண்டும்" என்றார். என்னைப் பார்த்து ஒரு சொல்லும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இல்லை. விமானம் புறப்படுமுன் என்னிடம் மீண்டும் வந்தார். இம்முறை அவர் விளக்கவில்லை. "நான் சற்றுமுன் கூறியதை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முன்னிருக்கையின் பையிலிருந்த அட்டையை எடுத்து, கையில் வைத்துக்கொண்டு படித்து, ஒரு மாணவியைப் போல் ஒப்புவித்தேன். அவ்விமானத்தின் கதவு கீல் உடையதன்று. மேலே உள்ள கைப்பிடியை இழுத்தால் கதவு முழுவதும் கழன்று உட்பக்கமாகக் கைக்கு வரும். எடை 15 கிலோ. அதைத் தூக்கி வெளியே எறிய வேண்டும்.

ஆகவே, குமரனின் கேள்வி மிகச் சரியான கேள்வி.

வீடு திரும்பியபின் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தேடிப் படித்தேன். நம்மவர்கள் பலர் பயணம் செய்யும் ஊர்களிலேயே ஒன்று நடந்திருக்கிறது. 2022 டிசம்பர் 10ஆம் நாள், சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் புறப்படவிருந்த இண்டிகோ விமானத்தில், பயணிகள் ஏறிக்கொண்டிருந்தபோது ஒருவர் அவசரகாலக் கதவைத் தவறுதலாகத் திறந்துவிட்டார். விமானம் தரையில்தான் நின்றது. எவருக்கும் காயமில்லை. அவர் உடனே மன்னிப்பும் கேட்டார். ஆயினும் கதவை மீண்டும் பொருத்தி, உட்பகுதி காற்றழுத்தத்தைத் தாங்குகிறதா என்று சோதித்த பின்னரே விமானத்தைப் பறக்க விட்டார்கள். பயணம் தாமதமாயிற்று. 2023 ஜனவரியில் செய்தி வெளியானபோது, திறந்தவர் யார் என்பதைப் பற்றியே ஊர் முழுதும் பேசிற்று. அவ்விருக்கையில் அமர்பவருக்கு எப்படிச் சொன்னால் உண்மையில் புரியும் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தென்கொரியாவில் 2023 மே 26ஆம் நாள் நடந்தது இதைவிடக் கடுமையானது. ஜேஜூவிலிருந்து தேகுவுக்கு 194 பயணிகளுடன் வந்த ஏசியானா விமானம், தரையிலிருந்து ஏறத்தாழ 213 மீட்டர் உயரத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டார். விளையாட்டுப் போட்டிக்குச் சென்றுகொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். இவ்வரியைப் படித்தபோது என் கை நடுங்கியது. மூச்சுத் திணறலால் சிலர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

இவை திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த கதவுகள். திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கத் தெரியாமற்போன நிகழ்ச்சியும் உண்டு. 1985 ஆகஸ்ட் 22ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டர் விமான நிலையத்தில், ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்த விமானத்தின் இயந்திரம் வெடித்துத் தீப்பற்றியது. இறக்கைக்கு மேலிருந்த கதவின் அருகே அமர்ந்திருந்த பெண், கைப்பிடி என்று எண்ணி அதில் பொருத்தப்பட்டிருந்த கைத்தாங்கியை இழுத்தார். கதவு திறக்கவில்லை. பக்கத்திலிருந்த தோழி எட்டிச் சரியான கைப்பிடியை இழுக்க, ஏறத்தாழ 22 கிலோ எடையுள்ள கதவு அப்பெண்ணின் மேலேயே விழுந்து அவரை அழுத்தியது. பின்வரிசையிலிருந்தவர் அதைத் தூக்கி அகற்றிய பிறகே வழி கிடைத்தது. விமானம் நின்றதிலிருந்து அதற்குள் முக்கால் நிமிடம் கழிந்துவிட்டது. அவ்விபத்தில் 55 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது புகை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உள்ளே இழுக்க வேண்டுமா, வெளியே தள்ள வேண்டுமா, எதைப் பிடிக்க வேண்டும் என்பதை அவர் தம் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கும்படி யாரேனும் கேட்டிருந்தால்?

இனி என் வகுப்பறைக்கு வருகிறேன்.

அன்று மாலை ஜொகூரிலிருந்து குமரனின் தாயாரை அழைத்து, நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவர் பதறிப்போய், "மன்னிச்சிருங்க டீச்சர். வீட்டுல இவன் ஓயாம கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பான். பள்ளியில அப்படிக் கேக்க மாட்டானா?" என்றார்.

பள்ளியில் அவன் கேட்டதே இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவனுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் முழங்கும், அவனும் முழங்குவான், தலையை மற்றவர்களைவிட ஒரு முறை கூடுதலாகவே ஆட்டுவான். பள்ளி திரும்பியபின் அவனைத் தனியே அழைத்து, நான்கில் மூன்று என்பதிலுள்ள நான்கு எதைக் குறிக்கிறது என்று உன் சொற்களில் சொல் என்றேன். அவனால் முடியவில்லை. நான்காம் ஆண்டுப் பாடம் அது. அன்று முதல் அவன் தலையாட்டிக்கொண்டே வந்திருக்கிறான். நானும் அதை ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறேன். அவன் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அந்த விமானக் கதவைப் பற்றியதுதான். அதற்கு நான் கொடுத்த விடை, "பேசாம உட்காரு".

2002ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயிற்சிப் பாடம் நடத்தியபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த விரிவுரையாளர் என் குறிப்பேட்டில் எழுதிய வரி இப்போது நினைவுக்கு வருகிறது. 'புரிந்ததா' என்று நான் பதினொரு முறை கேட்டதாகவும், இல்லை என்று சொல்லும் துணிவு எந்த மாணவனுக்கு வரும் என்றும் எழுதியிருந்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. குறிப்பேட்டை எங்கோ வைத்துவிட்டேன்.

இப்போது என் வகுப்பில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பாட முடிவில் "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். மாற்றாக, "பக்கத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்லிக்கொடு" என்கிறேன். நான் மேசைகளுக்கிடையே நடந்து கேட்கிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. பாடத்திட்டத்தில் ஒரு வாரம் பின்தங்கிவிட்டேன். தலைமையாசிரியர் கேட்டார்; இந்தக் கதையைத்தான் சொன்னேன்.

குமரனின் கேள்விக்கும் அறிவியல் பாடத்தில் விடை சொன்னேன். சமையலறைத் தொட்டியின் அடைப்பானைக் கொண்டுவந்து காட்டினேன். தொட்டியில் நீர் நிறைந்திருக்கும்போது அடைப்பானை இழுத்தெடுப்பது கடினம். நீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. உயரத்தில் பறக்கும் விமானத்தில் உள்ளே காற்றழுத்தம் அதிகம், வெளியே குறைவு. ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட எடை வைத்தாற்போல் அது கதவை அழுத்துகிறது. அதனால்தான் உள்நோக்கி வரும் கதவை நடுவானில் எவராலும் இழுத்துத் திறக்க இயலாது. தரைக்கு அருகில் அந்த அழுத்தம் இல்லை. ஆகவேதான் கொரியாவில் அது நடந்தது. சொல்லி முடித்ததும் குமரன் கையை உயர்த்தினான். "அப்படினா டீச்சர், தரையில நிக்கும்போது அந்த மூடி மட்டும்தான் காவலா?"

"மூடியும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்" என்றேன்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையிடம் "பாடம் புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். "இன்று படித்ததில் ஒன்றை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் கோபிக்க வேண்டாம். எங்கே தடுமாறியது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, மறுநாள் ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்கு இதுவரை நான்கு தாள்கள் வந்துள்ளன. அவற்றுள் மூன்று, நான் நன்றாக நடத்திவிட்டதாக எண்ணியிருந்த பாடங்களைப் பற்றியவை.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களை விமானத்தில் அழைத்துச் செல்லும்போது அவசரகால வழி வரிசையில் இடம் கிடைத்தால், பிள்ளைகளை அருகில் அமர்த்தாதீர்கள். அவர்களோடு இருப்பது முக்கியம் என்றால் வேறு இருக்கை கேட்டுப் பெறுங்கள். அங்கேயே அமர்வதாக இருந்தால், கைப்பேசியை வைத்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் வகுப்பில் இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன்.